ஆடியில் வாங்கிய மாம்பழம்

என் மனைவிக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று, அழ வேண்டிய நான் வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஓர் அட்டவணை தயாரித்தேன். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக இன்ஸ்பெக்ஷனில் இருப்பவன் நான். மெஷினிலிருந்து வரும் ஒவ்வொரு பீஸையும் கையில் எடுத்து, உருட்டிப் பார்த்து, அளந்து, சரியாக இருந்தால் பச்சைத் தட்டில் வைப்போம். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் சிவப்பு அட்டை கட்டி ஓரமாக ஒதுக்கிவிடுவோம். காரணத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம், முதலில் சிவப்பு. எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அதையே வீட்டிலும் செய்தேன்.

அட்டவணையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மாத்திரை, எடை, காய்ச்சல், சர்க்கரை, இருமல் எத்தனை தடவை, வாய்ப்புண் உண்டா இல்லையா என்று தனித்தனிக் கட்டம். எடைக்கு மட்டும் ஒரு கிராஃப். அதில் இதற்குக் கீழே போகக் கூடாது என்று சிவப்பில் ஒரு கோடு.

கட்டிலில் சாய்ந்திருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, நான் என்னா உங்க கம்பெனி ஐட்டமா?"

சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. இருமல் அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அடங்கியதும், "பேசாம மாத்திரையப் போடு" என்று கத்தினேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அந்த வருஷம் முழுக்க எனக்குக் கோபம்தான்.

பயத்துக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. அவள் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. பார்த்த டாக்டர்கள் எல்லாரும் தவறாமல் கேட்ட கேள்வி, "வீட்டில் யாராவது பிடிப்பாங்களா?" என்பது. நான் பிடித்தவன். விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது என்று சொல்வேன். அதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது, எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். தலையாட்டினேன். ஆனால் ஷிஃப்ட் முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் ஹாலில் உட்கார்ந்து நான் ஊதிய புகையெல்லாம் எங்கே போயிருக்கும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் மூச்சு விட்டது நாங்கள் இரண்டு பேர்தான்.

அதனால் இனி ஒரு தப்பும் நடக்க விடக்கூடாது என்று முடிவு கட்டினேன். பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்ததோடு ஆளுக்கொரு பத்தியமும் கொண்டுவந்தார்கள். தயிர் சளி பிடிக்கும். வாழைப்பழம் கபம். கோழி சூடு. இனிப்பு சாப்பிட்டால் கட்டி வளரும் என்று செல்போனில் வேறு தினம் ஒரு செய்தி. கீமோ போடும் நாளையொட்டிக் கொடுக்கிற மாத்திரையால் இரண்டு மூன்று நாள் சர்க்கரை ஏறலாம், கவனித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு மூன்று நாள் என்றதை நான் வருஷம் முழுவதும் என்று எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் உண்மையா என்று ஒரு தடவைகூட ஆஸ்பத்திரியில் கேட்கவில்லை. சந்தேகம் என்றால் சிவப்பு. ஸ்டேஷனரி கடையில் சிவப்பு வட்ட ஸ்டிக்கர் வாங்கிவந்து ஆகாத பாத்திரம், டப்பா எல்லாவற்றிலும் ஒட்டினேன். கடைசியில் அவளுக்கு மிஞ்சியது இட்லி, ரசம் சாதம், பிரெட்.

ஒரு நாள் கம்பெனியில் லைனில் இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் முதுகில் நட்டநடுவே ஒரு சிவப்பு ஸ்டிக்கர். காலையில் கதவுவரை வந்து வழியனுப்பியபோது ஒட்டியிருக்கிறாள்.

அந்த வருஷம் வந்த ஒரு மாங்கூடையைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்காக ஓசூருக்கு வந்தவன். அவள் கிருஷ்ணகிரிப் பக்கம் பாரூர் ஏரிக்கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டுப் பெண். இங்கே ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் இருந்தாள். இரண்டு கம்பெனி பஸ்களும் ஒரே இடத்தில் நிற்கும். அவள் பஸ் ஐந்து நிமிஷம் பிந்தி வரும். அந்த ஐந்து நிமிஷத்தில் நடந்ததுதான் எங்கள் கல்யாணம். அவள் வீட்டில் இரண்டு வருஷம் யாரும் பேசவில்லை. மூன்றாவது வருஷம் வைகாசியில் அவள் தம்பி எங்கள் லைன் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு கூடை. வைக்கோலுக்கு நடுவே செந்தூரா மாம்பழம்.

"அம்மா குடுத்துட்டு வரச் சொல்லுச்சு" என்றான். உள்ளே வரவில்லை.

அவர்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கிற மரம் அது. அவர்களுடைய மாந்தோப்பில் விளைவதெல்லாம் மண்டிக்கும் மாங்கூழ் ஃபேக்டரிக்கும் போகும். இந்த ஒரு மரத்துப் பழம் மட்டும் விலைக்குப் போகாது. அன்றிலிருந்து அந்த மரத்தின் முதல் கூடை எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர்கள் வீட்டில் யாரும் வாயில் வைப்பார்கள். அவளுக்குத் தாய்வீட்டுச் சீர் என்று வந்தது அது ஒன்றுதான். நகை கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை. வைகாசி பிறந்தால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் மாம்பழம் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். நறுக்குகிற வேலையெல்லாம் கிடையாது. தரையில் பேப்பரை விரித்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்காருவாள். ஒரே மூச்சில் மூன்று பழம். சாறு முழங்கைவரை வழியும். கொட்டையை விடவே மாட்டாள், வெளுத்து நார் நாராக ஆகும்வரை சப்புவாள். "போதும்ளா, விட்டுரு, கொட்டை அழுதிரும்" என்பேன். என் கோவில்பட்டிப் பேச்சை அப்படியே திருப்பிச் சொல்லிக் கேலி செய்வாள். அந்தக் குரல் இப்போதும் சில சமயம் சமையலறைப் பக்கமிருந்து கேட்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்ப்பேன்.

அந்த வருஷமும் கூடை வந்தது. நாலு கீமோ முடிந்திருந்தது. முடி போயிருந்தது, உடம்பு இளைத்திருந்தது. ஆனால் நாக்கில் ருசி மட்டும் இன்னும் மிச்சம் இருந்தது. இதை எழுதும்போது கை நிற்கிறது. அப்போது அவளுக்கு ருசி இருந்தது.

மச்சினன் கூடையை இறக்கி வைத்தவுடனே உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "செந்தூராவா? வாசம் இங்க வருது."

நான் கூடைக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "வேண்டாம் மாப்ளே, திருப்பிக் கொண்டு போயிரு. டாக்டர் கூடாதுன்னுட்டாரு."

எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

"ஒன்னே ஒன்னு குடுக்கலாமே மாமா. அக்காவுக்குன்னு கொண்டாந்தது" என்றான் அவன்.

"ஒரு துண்டு குடுங்க. வாயில வெச்சிட்டுத் துப்பிடறேன்" என்றாள் அவள்.

"உசுரு முக்கியமா, பழம் முக்கியமா? சின்னப் பிள்ளையா நீ?" என்று கத்தினேன். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சீராகக் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது என்பதால் அவன் கூடையை அங்கேயே வைத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினான். மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் அதை ஏற்றிக்கொண்டு போய் கேன்டீனில் வைத்தேன். டீ பிரேக் முடிவதற்குள் காலி. தேன் மாதிரி இருக்கு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் ஒன்றுகூடத் தொடவில்லை. அவளுக்கு இல்லாதது எனக்கு எதற்கு என்று ரொம்பப் பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

வெறும் கூடையோடு வீட்டுக்குப் போனபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னாங்களா?"

"ஆமா."

"எங்கூட்டு மரமாச்சே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அதற்கடுத்த கீமோவோடு ருசி போயிற்று. எதை வாயில் வைத்தாலும் தகரத்தை நக்கியதைப் போல இருக்கிறது என்றாள். வாய்ப்புண் கட்டத்தில் தினம் ஒரு டிக். கிராஃபில் எடை என் சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியது. நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, தட்டைப் பார்க்கவில்லை.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெங்களூரு போவோம். அவளுக்கு மருந்து ஏறும் நேரம் முழுக்க வெளியே வராந்தா பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன். மாண்டியா பக்கத்து அம்மா ஒருவரும் அதே பெஞ்சுதான். அவர் கணவருக்கும் இதே நோய், இதே கிழமை. பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். ஜூலையில் ஒரு நாள் அவர் என் பக்கம் திரும்பி, "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டார்.

சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார். கர்நாடகாவில் அது எல்லாரும் எல்லாரையும் கேட்கிற சாதாரண விசாரிப்பு. ஓசூரிலும் தினம் பத்துப் பேர் கேட்பார்கள். ஆனால் ஆறு மாசமாக என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் "அவங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்களே ஒழிய, நான் சாப்பிட்டேனா என்று யாரும் கேட்டதில்லை. நான் முதல் நாள் மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. ஐம்பது வயது ஆள், ஆஸ்பத்திரி வராந்தாவில், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால்.

அவர் தன் டப்பாவைத் திறந்து மூடியில் சித்ரான்னம் வைத்து என் கையில் கொடுத்தார். நான் சாப்பிடும்போது மடியிலிருந்த என் ஃபைலைப் புரட்டினார். கன்னடத்தில் ஊறிய தமிழில், "இது டாக்டர் குடுத்ததா?" என்றார்.

"நான் போட்டது."

கட்டம் கட்டமாக விரலை ஓட்டினார். "எல்லா இருக்கு சார். அவங்க என்ன கேக்கறாங்க, என்ன வேணும் சொல்றாங்க, அது எழுத ஜாகா எல்லி?"

அதை எழுத இடம் எங்கே என்கிறார். சோற்றை மென்றுகொண்டே என் அட்டவணையைப் பார்த்தேன். அப்படி ஒரு கட்டம் இல்லை.

அன்றைக்கே எடை குறைந்ததற்காக எங்களை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். சின்ன வயதுப் பெண். என் சிவப்புப் பட்டியலைப் படித்துவிட்டு, "சார், இதெல்லாம் வேண்டாம்னு யார் சொன்னாங்க?" என்று கேட்டாள். சாப்பாடு குறைந்தால் உடம்பு மருந்தைத் தாங்காது, சர்க்கரை நன்றாகத்தான் இருக்கிறது, சுத்தமாகச் செய்து, பிடித்ததைக் கொடுங்கள் என்றாள்.

"மாம்பழம்?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"நல்லாக் கழுவிட்டுத் தாராளமாக் குடுங்க சார்."

பக்கத்து நாற்காலியில் இருந்த என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வரும்வரை வாடகைக் காரில் ஒரு வார்த்தைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. "பார்த்தீங்களா?" என்று ஒரு சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு பைக்கில் பாரூர் போனேன். மச்சினன் வரப்பில் இருந்தவன் என்னைப் பார்த்ததும் பதறி ஓடி வந்தான். ஒன்றுமில்லை, மாம்பழம் வேண்டும் என்றேன்.

"ஆடி பொறந்து பத்து நாளாச்சு மாமா. அணில் கடிச்சதுகூட இல்ல" என்றான். சொல்லிவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டி மரத்தில் ஏறினான். கிளை கிளையாக இலையை விலக்கிப் பார்த்தான். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெறுங்கையோடு இறங்கினான்.

"அக்கா கேட்டுச்சா?"

"கேக்கல."

அவன் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கிருஷ்ணகிரியில் மண்டி ஷெட்டுகளில் காலி டிரேக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். சீசனில் ரோட்டோரம் வரிசையாக நிற்கிற பழக்கடைகளில் இப்போது கொய்யாவும் சீத்தாப்பழமும்தான். கேட்ட இடத்திலெல்லாம், தூங்கி எழுந்தவனைப் பார்ப்பதைப் போல என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே ஒரு கடையில், "கடைசிச் சரக்கு சார்" என்று ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டார்கள்.

என் வேலையை அங்கே காட்டினேன். ஒவ்வொரு பழமாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். காம்புப் பக்கம் அழுத்திப் பார்த்தேன். கறுப்புப் புள்ளி இருக்கிறதா, தோல் சுருங்கியிருக்கிறதா, கையில் கனம் இருக்கிறதா என்று பார்த்து, பெட்டி முழுவதையும் ஒதுக்கிவிட்டு இரண்டு பழம் தேறியது. செந்தூரா மாதிரியே காம்படியில் சிவப்பு ஓடிய பழங்கள். ஒரு குறை சொல்ல முடியாது. சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓசூர் வந்து சேர்ந்தேன்.

முதலில் ஸ்டிக்கர்களை எல்லாம் உரித்தேன். அப்புறம் பழத்தைக் கழுவி நறுக்கித் தட்டில் வைத்து எடுத்துப் போனேன். சாயங்கால வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. தலையணையை அண்டக்கொடுத்து அவளை நிமிர்த்தி உட்கார வைத்தேன். தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆடியிலயா? எங்க புடிச்சீங்க?"

"நீ சாப்பிடு."

ஒரு துண்டை வாயில் வைத்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். திறந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது.

"எப்படி இருக்கு?"

"சக்கரையாட்டம் இருக்குதுங்க" என்றாள். "எங்கூட்டு மரம் தோத்துச்சு, போங்க."

"ருசி தெரியுதா?"

"தெரியுதே. நல்லா தெரியுது."

ஒவ்வொரு துண்டாக, மெதுவாக, முழுப் பழத்தையும் சாப்பிட்டாள். நடுவில் நடுவில் தண்ணீர் குடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஜெயித்து வந்தவன் மாதிரி பாரூர் போனது, மரத்தடியில் நின்றது, பெட்டியைக் கிளறியது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசித் துண்டுக்கு நான் கை நீட்டியதும் தட்டை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ம்ஹும். எனக்குன்னு வாங்கிட்டு வந்தது. அந்த இன்னொன்னும் எனக்குத்தான். நீங்க தொடக் கூடாது."

எத்தனை மாசத்துக்குப் பிறகு அவள் ஒன்றை எனக்கு வேண்டும் என்று கேட்கிறாள்! சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கொட்டையை அவள் தொடவே இல்லை. களைத்துவிட்டாள் போல என்று நினைத்தேன். இத்தனை வருஷம் அவள் செய்வதைப் பார்த்த பழக்கம், தொட்டியில் போடுவதற்கு முன் அதை வாயில் வைத்துச் சப்பினேன்.

பல் கூசிப்போயிற்று. அப்படி ஒரு புளிப்பு. பிஞ்சிலேயே பறித்து, புகை போட்டு நிறம் மட்டும் ஏற்றிய பழம். இரண்டாவது பழத்தையும் கீறி நாக்கில் வைத்துப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன். ஃப்ரிட்ஜ் கதவில் என் அட்டவணை இருந்தது. வாய்ப்புண் கட்டத்தில் அன்று காலை நானே போட்ட டிக்கும் இருந்தது. ருசி தெரியாமல் போனாலும் புண்ணுக்குப் புளிப்பு தெரியும். ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டிருக்கிறாள்.

வாயைக் கொப்பளித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு அறைக்குப் போனேன். என் முகத்தையே பார்த்தாள்.

"தின்னு பாத்தீங்களா?"

"இல்லையே. நீதான் தொடக் கூடாதுன்னியே."

"நல்லதாப் போச்சு" என்றாள். கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு மாசமாக நான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அந்தப் பழத்தைப் பற்றி நாங்கள் அப்புறம் பேசவே இல்லை.

மார்கழியில் போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு, மாண்டியா அம்மாவிடமிருந்து போன் வந்தது. அவர் கணவரும் கார்த்திகையிலேயே போயிருந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ஊட்டா ஆய்த்தா?" என்றார். இல்லை என்றேன். "தட்டு போடுங்க சார், நான் லைன்ல இருக்கேன்" என்றார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன். அவரும் அந்தப் பக்கம் சாப்பிட்டார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அது நடக்கிறது. அதிகம் பேசிக்கொள்வதில்லை. தட்டுச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

வைகாசி பிறந்தது. அவளே இல்லை, இனிச் சீர் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் கம்பெனியிலிருந்து வந்ததும் ஜன்னலோரம்தான் உட்காருவேன். ஒரு சனிக்கிழமை மச்சினன் வந்துவிட்டான். அதே கூடை, அதே வைக்கோல். வாசலிலேயே நின்றான்.

"மரம் காச்சிருக்குது மாமா. வேற எங்க கொண்டு போறதுன்னு தெரியல."

அவனை உள்ளே கூப்பிட்டேன். தரையில் பேப்பரை விரித்து, அவள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, அவளைப் போலவே ஒரு பழத்தைக் கடித்தேன். இனிப்பு. பாதியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். அதுவும் இனிப்பு. அரிவாள்மனையை எடுத்து வந்து ஒவ்வொன்றாக நறுக்கி நறுக்கி நாக்கில் வைத்துப் பார்த்தேன். பேப்பர் முழுக்கத் துண்டுகள், கையெல்லாம் சாறு.

"என்னா மாமா தேடறீங்க?" என்றான் அவன், பயந்துபோய்.

அன்று அவள் தின்றதைப் போல, கூடையில் ஒரு பழம், ஒரே ஒரு பழம் புளிக்காதா என்று தேடினேன். கடைசிப் பழம்வரை நறுக்கிப் பார்த்துவிட்டேன். எல்லாம் இனித்தது.